வெளியேற்றும் பள்ளியும் வெளியேற்றாத பள்ளியும்

2018 ஜூலை 30 அன்று, கோடை விடுமுறைக்குக் கலையும் அவசரத்தில் இருந்த பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒரு சிறிய சட்டத்தை நிறைவேற்றியது. ஆதரவு 62, எதிர்ப்பு 1. எதிர்க்கட்சிகள், இதற்கெல்லாம் ஒரு சட்டமா என்று முணுமுணுத்தபடி வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. தொடக்கப் பள்ளியிலும், 11 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகள் படிக்கும் 'கொலேஜ்' என்ற நடுநிலைப் பள்ளியிலும் செல்போனைப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் சட்டம். வகுப்பு நேரத்தில் மட்டுமல்ல, இடைவேளையிலும் கூடாது. பாடத்துக்காக ஆசிரியர் அனுமதித்தால் உண்டு, உடற்குறை உள்ள பிள்ளைகளுக்கு உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. மீறினால் பள்ளி ஊழியர் போனை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பதும் சட்டத்திலேயே எழுதப்பட்டது.

ஜப்பானில் அதே வயதுப் பிள்ளைகள் படிப்பது 'சூகக்கோ'. அங்கே செல்போனைப் பற்றியோ, தலைமுடியைப் பற்றியோ, காலுறையின் நிறத்தைப் பற்றியோ நாடாளுமன்றம் எந்தச் சட்டமும் போட்டதில்லை. கல்வி அமைச்சகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். மிச்சத்தை அந்தந்தப் பள்ளி தன் கையேட்டில் எழுதிக்கொள்ளும். அப்படியிருந்தும் ஒரு ஜப்பானியப் பிள்ளையை அன்றாடம் சூழ்ந்திருக்கும் விதிகளில் பாதியைக்கூட பிரெஞ்சுப் பிள்ளை கேள்விப்பட்டிருக்க மாட்டாள். ஜப்பான் கண்டிப்பான நாடு, பிரான்ஸ் தாராளமான நாடு என்று சொல்லி இதை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கையில்லை. கண்டிப்பு இரண்டு இடத்திலும் இருக்கிறது. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஜப்பானியக் கையேட்டிலிருந்து தொடங்கலாம். மாணவர் ஒவ்வொருவருக்கும் சட்டைப்பையில் அடங்கும் அளவில் ஒரு சிறு புத்தகம் உண்டு. புகைப்படம் ஒட்டியிருக்கும், அடையாள அட்டையும் அதுதான். உள்ளே விதிகள். காலுறை வெள்ளையா கறுப்பா, பாவாடை முழங்காலுக்கு எவ்வளவு கீழே இறங்க வேண்டும், முன்முடி புருவத்தைத் தொடலாமா, பின்முடி காலரைத் தொட்டால் கட்ட வேண்டுமா, கட்டினால் எந்த நிற ரப்பர் பேண்டு என்பது வரை போகும். இரட்டைச் சடையும் ரிப்பனுமாக வளர்ந்த நம் ஊர்ப் பெண்களுக்கு இதில் பாதி பழக்கப்பட்டதுதான். ஆனால் மேல்சட்டைக்குள்ளும் விதி நுழைகிற இடம் ஒன்று உண்டு. ஃபுக்குவோக்கா நகரின் 69 நகராட்சி நடுநிலைப் பள்ளிகளின் விதிகளை அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் வாங்கிப் பார்த்து 2021இல் அறிக்கை வெளியிட்டது. 57 பள்ளிகள் உள்ளாடையின் நிறத்தையும் வரையறுத்திருந்தன. நிறத்தை ஆசிரியர்கள் பார்த்துச் சோதித்ததாகப் பிள்ளைகள் சொன்னதும் அதில் பதிவாகியிருந்தது. நாகசாகி மாகாணத்திலும் அரசு நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஏறக்குறைய பத்தில் ஆறு வெள்ளை உள்ளாடைதான் என்று விதி வைத்திருந்தன. அந்த ஆண்டு மார்ச்சில்தான் மாகாணக் கல்வி வாரியம் அதை மாற்றச் சொன்னது.

இதெல்லாம் சாமுராய் காலத்திலிருந்து வருகிற ஒழுக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைய விதிகளில் பலவற்றின் வயது ஐம்பதுகூட இல்லை. 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் ஜப்பானிய நடுநிலைப் பள்ளிகள் கலவரத்தில் இருந்தன. கண்ணாடிகள் உடைந்தன, ஆசிரியர்கள் அடி வாங்கினார்கள், பட்டமளிப்பு நாளில் போலீஸ் வாசலில் நின்றது. பள்ளிகள் அதற்குக் கண்ட மருந்துதான் நுணுக்க விதி. உடை கலைந்தால் மனம் கலையும், முடியில் தொடங்குவது அடிதடியில் முடியும் என்று நம்பினார்கள். கலவரம் அடங்கியது, விதி தங்கிவிட்டது. விதியை எழுதிய ஆசிரியர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அடுத்து வந்தவருக்கு அது ஏன் எழுதப்பட்டது என்று தெரியாது. தெரியாததாலேயே நீக்கத் துணிவதில்லை.

குமமோட்டோ மாகாணத்தின் ஒரு சிற்றூர் நடுநிலைப் பள்ளி 1981இல் ஆண் பிள்ளைகள் எல்லோரும் தலையை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. ஒரு மாணவனும் பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். 1985 நவம்பரில் மாவட்ட நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு படிக்க வேடிக்கையாக இருக்கும். மொட்டைக்கும் ஒழுக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்பது சந்தேகந்தான் என்று நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. ஆனாலும் விதி வெளிப்படையாகவே அறிவுக்கு ஒவ்வாதது என்று சொல்லிவிட முடியாது, அது தலைமை ஆசிரியரின் விருப்புரிமைக்குள் அடங்குகிறது என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதன் பிறகு ஜப்பானில் பள்ளி விதியை எதிர்த்து நீதிமன்றப் படியேறியவர்களில் பெரும்பாலோர் இந்த 'விருப்புரிமை'ச் சுவரில் மோதித்தான் திரும்பினார்கள். ஒசாக்காவில் இயல்பாகவே பழுப்பு முடி கொண்ட மேல்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தியைக் கறுப்புச் சாயம் பூசு, இன்னும் பூசு என்று பள்ளி விரட்டியதும், அவள் 2017இல் வழக்குப் போட்டதும் உலகச் செய்தியானது. 2021 பிப்ரவரியில் அவளுக்கு 3,30,000 யென் இழப்பீடு கிடைத்தது. எதற்காகத் தெரியுமா? வகுப்புப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்ததற்கும், அவளுடைய இருக்கையை அகற்றியதற்கும். சாயம் பூசச் சொன்ன விதியில் நீதிமன்றம் குற்றம் காணவில்லை.

நேரந்தவறாமையும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். 1990 ஜூலை 6 அன்று கோபே நகரின் மேல்நிலைப் பள்ளி ஒன்றில், காலை எட்டரை அடித்ததும் ஆசிரியர் ஒருவர் 230 கிலோ எடையுள்ள இரும்புக் கதவைத் தள்ளிச் சாத்தினார். உள்ளே ஓடிவந்த 15 வயது மாணவி கதவுக்கும் தூணுக்கும் நடுவில் நசுங்கி இறந்தாள். நாடே அதிர்ந்தது. பள்ளி விதிகளைத் திரும்பிப் பாருங்கள் என்று அமைச்சகம் சொன்னது. கொஞ்சம் தளர்ந்தது, மொட்டை விதி 90களில் மெல்ல மறைந்தது. மற்றவை அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அப்படியே ஓடின. பக்கவாட்டில் ஒட்ட வெட்டி மேலே விடும் 'டூ பிளாக்' முடிவெட்டு ஏன் கூடாது என்று 2020 மார்ச்சில் டோக்கியோ மாநகர மன்றத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். தோற்றத்தால் மாணவர்கள் ஏதாவது சம்பவத்திலோ விபத்திலோ சிக்கிவிடக்கூடும் என்று கல்வித் தலைவர் பதில் சொன்னார். ஊரே சிரித்தது. 2022 ஏப்ரலில் டோக்கியோ அரசு மேல்நிலைப் பள்ளிகள் அந்தத் தடையையும் உள்ளாடை நிற விதியையும் கைவிட்டன.

பிரான்சுக்குப் போனால், முடியை நீலமாகச் சாயம் பூசிக்கொண்டு வந்தாலும் கொலேஜ் வாசலில் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அரசுப் பள்ளியில் பொதுவாகச் சீருடை கிடையாது. பள்ளியின் உள்விதிகளில் 'ஒழுங்கான உடை' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு என்ன பொருள் என்பதுதான் சண்டை. 2020 செப்டம்பர் 14 அன்று குட்டைப் பாவாடையும் இடுப்பு தெரியும் சட்டையும் போட்டுக்கொண்டு வந்து மாணவிகள் நாடெங்கும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். குடியரசுக்கு ஏற்ற முறையில் உடுத்தி வந்தால் போதும் என்றார் அப்போதைய கல்வி அமைச்சர் ழான்-மிஷேல் பிளான்கே. குடியரசு எத்தனை அங்குலப் பாவாடை கட்டும் என்று கேலி செய்தார்கள். அதோடு அது அடங்கியது.

ஆனால் வேறொரு துணி வரும்போது அதே நாடு இரும்பாகிவிடும். 1989இல் பாரிசுக்கு வடக்கே கிரேய் என்ற ஊரின் கொலேஜில் மூன்று முஸ்லிம் சிறுமிகள் முக்காட்டைக் கழற்ற மறுத்ததில் தொடங்கியது. பதினைந்து ஆண்டு வாதத்துக்குப் பிறகு 2004 மார்ச் 15 அன்று, அரசுப் பள்ளிகளில் மதத்தை வெளிப்படையாகக் காட்டும் அடையாளங்களும் உடைகளும் கூடாது என்ற சட்டம் வந்தது. மக்களவையில் ஆதரவு 494, எதிர்ப்பு 36. செல்போன் சட்டத்துக்கு ஆள் சேராத அவை இதற்கு நிரம்பி வழிந்தது. முதல் கல்வியாண்டில் 47 பிள்ளைகள் வெளியேற்றப்பட்டார்கள்: முக்காட்டுக்காக 44 பேர், தலைப்பாகைக்காக 3 சீக்கியச் சிறுவர்கள். அந்தச் சீக்கியர்களில் ஒருவரின் முறையீட்டை ஏற்று, அவருடைய மத உரிமையை பிரான்ஸ் மீறிவிட்டது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் முடிவு சொன்னது. பிரான்ஸ் சட்டத்தைத் தொடவில்லை.

2023 ஆகஸ்ட் கடைசியில் அப்போதைய கல்வி அமைச்சர் கப்ரியேல் அத்தால், தளர்ந்து தொங்கும் நீண்ட 'அபாயா' அங்கியையும் தடைப் பட்டியலில் சேர்த்தார். செப்டம்பர் 4, பள்ளி திறந்த நாளில் 298 மாணவிகள் அதை அணிந்து வந்தார்கள். பேசிப் பார்த்த பிறகும் 67 பேர் மாற்ற மறுத்து வீட்டுக்குத் திரும்பினார்கள். மூன்று நாளில் உச்ச நிர்வாக நீதிமன்றம் தடையை நிறுத்திவைக்க மறுத்தது. ஒரு கவுன் எப்போது கவுன், எப்போது அபாயா? அதே நீளம், அதே நிறத்தில் ஒருத்தி போட்டால் ஃபேஷனாகவும் இன்னொருத்தி போட்டால் மதமாகவும் தெரிவதென்றால், பார்க்கிறவர் கண் துணியைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்க்கிறது. இந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும், எல்லோருக்கும் ஒரே விதி என்ற பொதுநெறி வாதம் எனக்குக் கடைசி வரை ஏறவில்லை.

இனி இரண்டு நாடுகளுக்கும் நடுவிலான முக்கிய வேறுபாடு. ஜப்பானில் அரசு நடுநிலைப் பள்ளி ஒரு மாணவனை நீக்க முடியாது. கட்டாயக் கல்வி வயதில் அரசுப் பள்ளியிலிருந்து நீக்கம் இல்லை. தண்டனையாக இடைநிறுத்தமும் இல்லை. மற்றப் பிள்ளைகளின் படிப்பைக் காப்பதற்காக ஒருவனைச் சில நாள் வரவேண்டாம் என்று நகராட்சிக் கல்வி வாரியம் உத்தரவு போடலாம். அதை எடுப்பது மிக அரிது. கையால் அடிப்பதை 1947 பள்ளிக் கல்விச் சட்டமே தடுத்திருக்கிறது. ஆகப் பள்ளியின் கையில் பெரிய ஆயுதம் எதுவும் இல்லை. குழப்பம் செய்கிறவனையும் மூன்று ஆண்டு உள்ளேயே வைத்துச் சமாளித்தாக வேண்டும். எனவே குழப்பம் வருவதற்கு முன்பே தடுத்துவிட வேண்டும் என்ற பதற்றம். அந்தப் பதற்றம்தான் காலுறையாகவும் ரப்பர் பேண்டாகவும் கையேட்டில் இறங்குகிறது. சிறு குற்றங்களைப் பிடித்துக்கொண்டே இருந்தால் பெரிய குற்றம் வராது என்ற கணக்கு.

பிரான்சில் ஆயுதம் இருக்கிறது. தண்டனைகளின் ஏணி தேசிய அளவில் எழுதப்பட்டிருக்கிறது: எச்சரிக்கை, கண்டனம், பொறுப்புணர்த்தும் பணி, வகுப்பிலிருந்து எட்டு நாளுக்கு மிகாமல் விலக்கம், பள்ளியிலிருந்து எட்டு நாளுக்கு மிகாமல் விலக்கம், கடைசியாக நிரந்தர நீக்கம். நிரந்தர நீக்கத்தை ஒழுங்குக் குழுவுக்கு மட்டுமே விதிக்க முடியும். கொலேஜின் ஒழுங்குக் குழுவில் 14 பேர்: தலைமை ஆசிரியர், நிர்வாகத்தினர், ஊழியர்களின் பிரதிநிதிகள், பெற்றோர் பிரதிநிதிகள் மூவர், மாணவர் பிரதிநிதிகள் இருவர். ஆம், பதின்மூன்று பதினான்கு வயது மாணவர்கள் இருவர் அந்த மேசையில் உட்கார்ந்து வாக்களிக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்ட பிள்ளை தன் தரப்பைச் சொல்லத் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். எட்டு நாளுக்குள் கல்வி மண்டலத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். நீக்கினாலும் வேறொரு பள்ளியில் இடம் தேடித் தரவேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது.

முறைப்படி பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முறை சரியாக இருந்தால் முடிவும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நார்மண்டியின் ஃப்ளேர் நகரில் உடற்பயிற்சி வகுப்பில் முக்காட்டைக் கழற்றாத சிறுமிகள் இருவரை 1999இல் இதே மாதிரிக் குழுதான் நீக்கியது. தொப்பி போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தும் பலனில்லை. அஞ்சல் வழியில் படித்தார்கள். 2008 டிசம்பரில் ஸ்ட்ராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பள்ளியின் பக்கமே சாய்ந்தது. குமமோட்டோவில் 'விருப்புரிமை', ஸ்ட்ராஸ்பூரில் 'மதச்சார்பின்மை'. சொல் வேறு, பிள்ளைக்குக் கிடைத்த பதில் ஒன்று. ஆனால் ஒரு வித்தியாசம் மறக்கக் கூடாதது: வழக்கு நடந்துகொண்டிருந்தபோது குமமோட்டோச் சிறுவன் நீண்ட முடியோடு தன் பள்ளியிலேயே உட்கார்ந்து படித்து முடித்தான். அவனை யாராலும் வெளியே அனுப்ப முடியவில்லை.

வாசலில் நிற்பவர் யார் என்பதும் முக்கியம். பிரெஞ்சு ஆசிரியரின் வேலை பாடத்தோடு முடிகிறது. இடைவேளை, தாழ்வாரம், உணவறை, தாமதம் எல்லாவற்றையும் பார்க்கத் தனி ஆட்கள் உண்டு. அவர்களுக்கு மேலே ஒழுங்கைக் கவனிக்கும் ஓர் அலுவலர். தவறு செய்தவன், மற்றப் பிள்ளைகள் விளையாடப் போகும் புதன் பிற்பகலில் பள்ளிக்கு வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஜப்பானில் தனி ஆள் இல்லை. முடியை அளப்பதும், பெருக்கித் துடைக்கும் பிள்ளைகளோடு துடைப்பம் பிடிப்பதும், மாலையில் விளையாட்டுப் பயிற்சியைப் பார்ப்பதும், இரவு கடைத்தெருவில் சுற்றும் மாணவனைப் பற்றி வரும் தொலைபேசியை எடுப்பதும் அதே ஆசிரியர்தான். 2018ஆம் ஆண்டு ஓ.இ.சி.டி. ஆய்வில் ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியரின் வேலை வாரத்துக்கு 56 மணி நேரம். கலந்துகொண்ட நாடுகளிலேயே அதிகம். பிள்ளை ஊருக்குள் என்ன செய்தாலும் பள்ளியைக் கேட்கிற சமூகத்தில் பள்ளி எல்லாவற்றுக்கும் விதி எழுதித்தான் வைக்கும். ஜப்பானியத் தலைமை ஆசிரியர்கள் மேல் எனக்கு இரக்கம் வருவது இந்த ஓர் இடத்தில்தான்.

செல்போனுக்குத் திரும்புவோம். ஜப்பானிய அமைச்சகம் 2009 ஜனவரியில் அனுப்பிய சுற்றறிக்கை, தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்குப் போன் கொண்டுவருவதையே பொதுவாகத் தடுத்தது. பிரான்சைவிட ஒன்பது ஆண்டு முந்தி, அதைவிடக் கடுமையாக. அதைத் தளர்த்தியது உரிமை வாதம் இல்லை, நிலநடுக்கம். 2018 ஜூன் 18 காலை, பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் வட ஒசாக்கா குலுங்கியது. பள்ளிச் சுவர் சரிந்து ஒரு சிறுமி இறந்தாள். பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பெற்றோர் தவித்தார்கள். ஒசாக்கா மாகாணம் அடுத்த ஆண்டே போனை அனுமதித்தது. 2020 ஜூலையில் அமைச்சகம், பள்ளியும் மாணவரும் பெற்றோரும் கலந்து பேசி விதி வகுத்துக்கொண்டால் நடுநிலைப் பள்ளிப் பிள்ளை போன் கொண்டுவரலாம் என்றது. பள்ளிக்குள் நுழைந்ததும் அது ஆசிரியர் கையிலோ பையிலோ அடங்கிவிடும்.

பிரான்ஸ் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது. 2018 சட்டம் பயன்பாட்டைத்தான் தடுத்தது. போன் பையிலேயே இருந்தது, கழிப்பறையில் வெளியே வந்தது. எனவே 2024 இலையுதிர் காலத்தில் சுமார் 200 கொலேஜ்களில் சோதனை தொடங்கியது. காலையில் வாசலில் போனைப் பெட்டியில் போட வேண்டும், அல்லது பூட்டுள்ள பையில் வைக்க வேண்டும். அந்தப் பை மாலையில்தான் திறக்கும். 2025 செப்டம்பரிலிருந்து எல்லா கொலேஜ்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று அரசு அறிவித்தது. பெட்டிக்கும் பைக்கும் காசு யார் தருவது என்று மாவட்ட மன்றங்கள் கேட்டன. காலை எட்டு மணிக்கு நூற்றுக்கணக்கான போன்களை யார் வாங்கி வைப்பது என்று வாசலில் நிற்பவர்கள் கேட்டார்கள்.

உடையிலும் இதே குறுக்கோட்டம். சீருடையே இல்லாத பிரான்ஸ், 2024இல் நூறு பள்ளிகள் அளவில் சீருடைச் சோதனைக்கு இறங்கியது. ஒரு பிள்ளைக்கு ஐந்து போலோ சட்டை, இரண்டு ஸ்வெட்டர், இரண்டு கால்சட்டை. ஏறத்தாழ 200 யூரோ, அரசும் உள்ளாட்சியும் பாதிப் பாதி. சீருடையிலேயே ஊறிய ஜப்பான், பெண் பிள்ளை கால்சட்டை போடலாம், ஆண் பிள்ளை பாவாடையும் போடலாம் என்று தளர்கிறது. சிபா மாகாணத்தின் காஷிவானோஹா நடுநிலைப் பள்ளி 2018இல் திறந்தபோதே அப்படித்தான் திறந்தது. டோக்கியோவின் செதகாயா பகுதியில் சகுராகவோக்கா நடுநிலைப் பள்ளி இன்னும் தூரம் போனது. 2010 முதல் 2020 வரை தலைமை ஆசிரியராக இருந்த சாய்கோ தக்காஹிக்கோ விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில் ஒன்றும் மிஞ்சாமல் செய்தார். சீருடை விருப்பம், போன் விருப்பம். அரசுப் பள்ளி, அதே பகுதிப் பிள்ளைகள், வடிகட்டிச் சேர்க்கவில்லை. பள்ளி இடிந்து விழவில்லை.

ஒரு தனி மனிதர் அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணமும் ஜப்பானிய முறைதான். விதி தலைமை ஆசிரியரின் விருப்புரிமை என்பதால்தான் ஒருவர் மொட்டையடிக்கச் சொல்ல முடிந்தது, இன்னொருவர் எல்லாவற்றையும் அழிக்க முடிந்தது. பிரெஞ்சுத் தலைமை ஆசிரியர் ஒருவர் தன் மாணவியின் முக்காட்டைக் கண்டுகொள்ளாமல் விட நினைத்தாலும் முடியாது. சட்டம் அவருக்கும் மேலே நிற்கிறது.

எனக்கு எது மேல் என்று கேட்டால், செல்போனுக்கு பிரெஞ்சு வழியைத்தான் சொல்வேன். நாடு முழுவதற்கும் ஒரே வரி, காரணம் வெளிப்படை, ஊருக்கு ஊர் தகராறு இல்லை. தண்டனைக்கும் எழுதிய ஏணியும் மேல்முறையீடும் வேண்டும்; அதுவும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் 15 வயதுக்குள் எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு அனுப்புவதில்லை என்ற ஜப்பானிய ஏற்பாடு இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. அந்த ஏற்பாட்டுக்கு ஈடாகப் பிள்ளையின் உள்ளாடையைக் கேட்டார்களே, அதற்கு மன்னிப்பில்லை. துணி விஷயத்தில் இரண்டு நாடுகளிலும் விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள்.

ஜப்பானிய அமைச்சகம் 2022 டிசம்பரில் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தன் மாணவர் வழிகாட்டுக் கையேட்டைத் திருத்தியது. பள்ளி விதிகளை இணையதளத்தில் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லுங்கள், திருத்தும்போது மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறது அது. அது அறிவுரைதான், சட்டமல்ல. ஏற்பதும் விடுவதும் இன்றும் தலைமை ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது.